பாயசமா, பணிவா?

கொன்றைமங்கலத்தைச் சேதிராயர் ஆண்ட காலத்தில், அந்த ஊரில் யார் எப்போது தரையில் விழுவார்கள் என்று சொல்ல முடியாது. காரணம், அரசவை ஆசிரியர் தாண்டவப் புலவர் கேட்டு வாங்கிய ஒரு சட்டம்.

குருவைக் கண்டதும் மாணவன் நெடுஞ்சாண்கிடையாக விழ வேண்டும். குரு "எழுந்திரு" என்று சொல்லும்வரை எழக் கூடாது, வாயும் திறக்கக் கூடாது. ஒரே ஒரு வித்தை கற்றுத் தந்தவரும் குருதான். மீறினால் நாடு கடத்தல். அரசருக்கும் விலக்கில்லை. அவரும் தினம் காலையில் விழுந்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டே எழுவார்.

சட்டத்தில் முதலில் மாட்டியவன் அரண்மனைச் சமையல்காரன் முத்திருளன். கொதிக்கிற பாயச அண்டாவோடு வந்தவன் எதிரே புலவரைக் கண்டான், விழவில்லை.

விசாரணையைச் சாப்பாட்டுக் கூடத்தில் வைக்கலாம் என்று யோசனை சொன்னவன் விகடகவி வேம்பன். "வழக்கு முடிந்த கையோடு பந்தி" என்றான். அரசருக்குப் பிடித்துப்போயிற்று. உள்ளே அடுப்பில் பாயசம் கொதித்துக்கொண்டிருந்தது. முத்திருளன் இந்த முறை ஒழுங்காக விழுந்து, புலவர் சொன்ன பிறகே எழுந்து நின்றான்.

"இவனுக்கு அ, ஆ கற்றுத் தந்தவன் நான்!" என்றார் புலவர். "மரம் மாதிரி நின்றான், மகாராஜா!"

"விழுந்திருந்தால் அண்டா உங்க மேலதானே சாமி கவிழ்ந்திருக்கும்?" என்றான் முத்திருளன்.

"கவிழட்டுமே! பாயசம் முக்கியமா, பணிவு முக்கியமா?"

அரசர் எச்சிலை விழுங்கினார். "சட்டப்படி பணிவுதான். முத்திருளா, இன்றைய பாயசத்தை முடித்துவிட்டு நாட்டைவிட்டுப் போ."

முத்திருளன் கண் கலங்கியது. வேம்பன் எழுந்தான்.

"புலவர் ஐயா, ஒரு சந்தேகம். இலையில் விட்ட பாயசம் ஓடாமல் இருக்க என்ன செய்வீர்கள்?"

"அப்பளத்தை நொறுக்கி அணை கட்டுவேன். இது ஒரு கேள்வியா?"

"யார் சொல்லித் தந்தது?"

போன வருஷப் பந்தியில் அவர் இலைப் பாயசம் மடியில் ஓடியதை ஊரே பார்த்தது. "அப்பளத்த நொறுக்கிப் போடுங்க சாமி" என்று ஓடி வந்தவன் முத்திருளன்.

"அதெல்லாம் ஒரு வித்தையா?" என்றார் புலவர்.

"சொல்லித் தரும்வரை உங்களுக்குத் தெரியவில்லையே ஐயா! உங்கள் குரு எதிரே நிற்கிறார். நீங்கள் மரம் மாதிரி நிற்கிறீர்கள். எல்லை வரை தனியாகப் போவீர்களா, துணைக்கு ஆள் வேண்டுமா?"

புலவர் தொபுக்கென்று விழுந்தார். தன் குரு விழுந்ததைப் பார்த்த முத்திருளன் பதறி, அவனும் விழுந்தான். தலைக்குத் தலை முட்டிக் கிடந்தார்கள்.

"சரி, எழுந்திருங்கள்" என்றார் அரசர்.

"குருதான் சொல்ல வேண்டும், மகாராஜா. அவருக்கு இவர் குரு, இவருக்கு அவர் குரு. மாணவன் வாய் திறக்கக் கூடாது." வேம்பன் குரலைத் தாழ்த்தினான். "அதுசரி, தங்கள் குரு தரையில் கிடக்கிறார். தாங்கள் சிம்மாசனத்திலா?"

அரசர் திடுக்கிட்டு இறங்கி, கிரீடத்தைப் பிடித்துக்கொண்டு அவரும் படுத்தார்.

கூடம் அமைதியானது. அரசர் வயிறு மட்டும் கடமுடா என்றது.

"வேம்பா..." என்று முனகினார்.

"உஷ்! குரு சன்னிதி."

அப்போதுதான் உள்ளேயிருந்து ஒரு வாசனை வந்தது. முதலில் நெய். பிறகு வெல்லம். பிறகு... புலவர் மூக்கு துடித்தது. காது சிவந்தது. பல்லைக் கடித்துப் பார்த்தார். முடியவில்லை.

"டேய் முத்திருளா, அடிப்பிடிக்குதுடா! எழுந்து ஓடுடா!" என்று குதித்தெழுந்தார்.

முத்திருளன் பாய்ந்தான். அரசர் புரண்டு படுத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"குரு எதிரே வாய் திறந்து, அவர் சொல்லாமலே எழுந்தும் விட்டார்" என்றான் வேம்பன். "பாயசமா பணிவா என்ற வழக்கில் ஐயாவே தீர்ப்புச் சொல்லிவிட்டார், மகாராஜா."

சட்டம் அன்றே போயிற்று. வேம்பனுக்கு ஒரு முத்துமாலை. பந்தியில் முதல் கரண்டிப் பாயசத்தை முத்திருளன், யாரும் சொல்லாமலே, புலவர் இலையில்தான் விட்டான்.

"பார்த்தாயா வேம்பா," என்றார் புலவர், பாதி அசடு வழிய, "சட்டம் போனதும் எவ்வளவு குனிகிறான்!"

"அவன் தினமும் இப்படித்தான் ஐயா குனிகிறான்" என்றான் வேம்பன். "நீங்கள்தான் இன்றைக்கு இலையிலிருந்து தலையைத் தூக்கியிருக்கிறீர்கள்."