ஒரு விரல் உயரம்

அந்தக் காலத்தில் கடலில் உப்பு இல்லை. உப்பு என்பவள் கரையில் வெள்ளைப் பாறையாக உட்கார்ந்திருந்தாள். கடலின் மனைவி. கடல் அவளைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோதும் இருவருக்கும் வாக்குவாதம்தான்.

அன்று விடிந்ததிலிருந்தே கடலுக்கு எரிச்சல். எதிர்த் தீவில் காடு பற்றிக்கொண்டதால், சாத்தன் என்ற தோணிக்காரன் குடும்பத்தோடு கரைக்குக் கிளம்பியிருந்தான். ஏழு பேர், மூன்று ஆடுகள். போதாததற்கு அவன் மனைவி நாச்சியின் ஆட்டுக்கல்.

மண்ணுக்குள் ஈர்ப்பு இருந்தாள். எல்லாவற்றையும் கீழே இழுப்பது அவள் வேலை. அவளுக்கு யாரிடமும் பகை இல்லை, இரக்கமும் இல்லை. இன்றைக்கு மட்டும் பிடியைக் கொஞ்சம் தளர்த்தக் கூடாதா என்று கடல் அவளிடம் கெஞ்சினான். ஒரு தோணிக்குத் தளர்த்தினால் மலையில் கிடக்கும் பாறையும் எழும்பிப் போகும், யார் பிடிப்பது என்று கேட்டுவிட்டு, அவள் தன் வேலையைப் பார்த்தாள்.

கடலுக்கும் ஒரு வரம்பு இருந்தது. தோணி எவ்வளவு நீரை விலக்கிவிட்டு உட்காருகிறதோ, அந்த நீரின் எடை அளவுக்குத்தான் அவனால் தாங்க முடியும். அப்போது அவன் ஆற்றுநீர் போல லேசானவன். தோணியின் விளிம்பு நீர்மட்டத்துக்கே வந்துவிட்டது. அலை எழும்பாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

ஆட்டுக்கல்லைத் தள்ளச் சொல்லி சாத்தன் தொண்டை வறளக் கத்தினான்.

"இது எங்கம்மா கொடுத்தது. வேணும்னா உம்ம ஆட்டைத் தள்ளும்" என்றாள் நாச்சி.

ஆட்டைத் தள்ள அவனுக்கு மனம் வரவில்லை. இருவரும் பேசி முடிப்பதற்குள் நீர் விளிம்பைத் தாண்டி உள்ளே வந்தது. நாச்சியின் மடியிலிருந்து தொங்கிய கைக்குழந்தையின் கால் நனைந்தது.

கரையிலிருந்த உப்பு எழுந்தாள். "நான் உங்களோட கலந்தா உங்களுக்குக் கனம் கூடும். கூடினா தாங்குவீங்க."

"நீ சும்மா இரு. உள்ளே வந்தா கரைஞ்சு போவே. அதுங்க ரெண்டும் ஒரு கல்லை விட மாட்டேங்குதுங்க. அதுக்கு நீ சாகணுமா?"

"அந்தக் குழந்தை கல்லு கேக்கலையே" என்றாள் உப்பு.

அவன் தடுப்பதற்குள் இறங்கிவிட்டாள். என்றைக்கு அவன் பேச்சைக் கேட்டாள், அன்றைக்குக் கேட்க?

தோணி ஒரு விரல் உயரம் மேலே வந்தது. ஒரே ஒரு விரல். அது போதுமாக இருந்தது. நாச்சி சிரட்டையால் நீரை இறைத்தாள், சாத்தன் துடுப்பு போட்டான். கரை சேர்ந்ததும் முதலில் ஆட்டுக்கல்லைத்தான் பத்திரமாக இறக்கினார்கள். அதைப் பார்க்கக் கடலுக்கு வயிறு எரிந்தது. யார் எங்களைத் தூக்கியது என்று ஒருவராவது திரும்பிப் பார்த்துக் கேட்கவில்லை. அடுத்து அடுப்பு எங்கே வைப்பது என்று சண்டை போடத் தொடங்கியிருந்தார்கள்.

கடல் மனைவியைக் கூப்பிட்டுப் பார்த்தான். மேலே, அடியில், எங்கே தொட்டாலும் அவள் இருந்தாள். திட்டினாலும் திருப்பிப் பேசத்தான் இல்லை.

அன்று முதல்தான், ஆற்றில் சற்று அமிழ்ந்து வரும் தோணி கடலுக்குள் நுழைந்ததும் ஒரு விரல் உயர்ந்து நிற்கிறது. பாத்தியில் தேக்கிய கடல்நீரை வெயில் கொண்டுபோன பிறகு, தரையில் உப்பு கிடக்கிறது.