வலது பக்கம் போனவர்

கும்மி வாத்தியாரம்மா தமயந்திக்கு வயது இருபத்தெட்டு. அவருடைய தலைமைச் சீடர் அர்த்தநாரிக்கு அறுபத்தொன்று. கும்மி வகுப்பில் இதெல்லாம் சகஜம். பால்பல் விழாத பிள்ளையும் பல்செட் கட்டிய பெரியவரும் அங்கே ஒரே வட்டத்தில்தான் ஆடுவார்கள். தினமும் சாயங்காலம் மாரியம்மன் கோயில் மைதானத்தில் வகுப்பு. யார் வேண்டுமானாலும் வரலாம். வந்தவரைப் போகச் சொன்னதில்லை.

அர்த்தநாரி ஹைஸ்கூலில் உடற்பயிற்சி வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஓய்வு பெற்றாரே தவிர, அவருடைய கண் ஓய்வு பெறவில்லை. வரிசையில் ஒரு கால் முன்னே பின்னே போனால் அன்று ராத்திரி அவருக்குச் சோறு இறங்காது. எல்லா அடவையும் பிசகில்லாமல் கற்றுக்கொண்டார். பிறர் பிசகுவதையும் பிசகில்லாமல் கண்டுபிடித்தார்.

அவரைப் பாடாய்ப் படுத்தியவர் செங்கமலம். தேங்காய்க் களம் வைத்திருக்கும் சென்னியப்பனின் மனைவி. இடதுகைப் பழக்கம் உள்ளவர். பாட்டு ஓர் இடத்தில் நின்றதும் எல்லோரும் வலது பக்கம் திரும்பி ஓட வேண்டும். செங்கமலம் இடது பக்கம் திரும்புவார். திரும்பிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார். மறுநாளும் அதையே செய்வார்.

அரங்கேற்றம் நெருங்கியபோது அர்த்தநாரிக்குப் பொறுமை போய்விட்டது.

"வாத்தியாரம்மா, ஒன்னு கேக்கலாமுங்களா?"

"கேளுங்கய்யா."

"தப்பா ஆடறவங்கள என்ன பண்றதுங்க?"

"ஆட உடறதுங்க."

"ஊருக்கு முன்னாலயுமுங்களா? ஒருத்தரு பெசகினா வட்டமே பெசகுதுங்க. அன்னிக்கு ஒரு நாள் மட்டும் செங்கமலத்த வெளிய உக்கார வெக்கலாமுங்க."

செங்கமலத்துக்குக் கால்தான் சொன்னபடி கேட்காது. காது நன்றாகவே கேட்கும். ஓடி வந்துவிட்டார்.

"அப்படிச் சொல்லீராதீங்கய்யா. 'ஊரு சிரிக்காத மாதிரி ஆடிக் காட்டு, அப்பறம் எப்பவும் போய்க்கோ. ஊரு சிரிச்சுதுன்னா அன்னியோட நின்னுக்கோணும்'னு எங்கூட்டுக்காரரு சொல்லிப்போட்டாருங்க. நானு ஆடலீன்னாலும் நின்ன மாதிரித்தானுங்க. இங்க வந்து ஆடறப்பத்தானுங்க நானு மனுசியாட்ட இருக்கறேன்."

தமயந்தி அவர் தோளைத் தட்டினார்.

"நீங்க ஆடறீங்கக்கா. போய் நில்லுங்க."

செங்கமலம் வட்டத்துக்குத் திரும்பிப் போனார். அர்த்தநாரி விடவில்லை.

"எங்கேள்விக்குப் பதிலுங்க?"

"அரங்கேத்தத்தன்னிக்குச் சொல்றனுங்க" என்றார் தமயந்தி.

அன்றைக்கு மைதானம் நிறைந்துவிட்டது. பெண்கள் எல்லோரும் பச்சைச் சேலை, ஆண்கள் மஞ்சள் சட்டை. முன்வரிசை நாற்காலியில் சென்னியப்பன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேடிக்கை பார்க்க வந்தவர் போல இல்லை, தீர்ப்புச் சொல்ல வந்தவர் போல இருந்தார். பின்னால் அர்த்தநாரியிடம் படித்த பிள்ளைகள் மீசை வைத்துக்கொண்டு கூட்டமாக நின்றார்கள்.

வட்டத்தின் நடுவில் தமயந்தி காதோரம் மைக்கை மாட்டிக்கொண்டு பாடியபடியே ஆடினார். கும்மி சீராகப் போயிற்று. தட்டுகிற கையெல்லாம் ஒரே கையாகக் கேட்டது. அர்த்தநாரிக்கு மனம் நிறைந்தது. அந்த இடம் வந்தது. பாட்டு நின்றது.

செங்கமலம் இடது பக்கம் திரும்பிவிட்டார்.

சரி, தொலைந்தது என்று அர்த்தநாரி நினைத்தார். அடுத்த நொடி நடந்ததை அவரால் நம்பவே முடியவில்லை.

தமயந்தியும் இடது பக்கம் திரும்பினார்.

ஒரு நாளும் கால் பிசகாத தமயந்தி! கண்கூடாக, ஊரறிய, தப்பாகத் திரும்பினார். பிள்ளைகளுக்கு வாத்தியாரம்மாவின் காலைப் பார்த்துத்தான் பழக்கம். அவர்கள் இடது பக்கம் திரும்பினார்கள். பிள்ளைகளைப் பார்த்துப் பெண்கள் திரும்பினார்கள். மடை மாற்றிய தண்ணீர் மாதிரி வட்டம் மொத்தமும் இடது பக்கம் ஓடியது. அந்த ஒரு நொடியில் தமயந்தி அர்த்தநாரியை நேராகப் பார்த்தார். திரும்புங்கள் என்று அந்தக் கண் சொன்னது. அவருக்குப் புரியவும் செய்தது.

அர்த்தநாரி வலது பக்கம்தான் போனார்.

போனவர் எதிரே ஓடி வந்த ஆறு வயது யாழிசை மேல் முட்டிக்கொண்டார். அந்தக் குழந்தை நடுவில் இருந்த வாத்தியாரம்மாவிடம் ஓடிப்போய், இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவர் மைக்கில் விழும்படி கத்தியது:

"தாத்தா தப்பு! தாத்தா தப்பு!"

ஒலிபெருக்கியில் அது ஊர் முழுக்கக் கேட்டது. மைதானம் வெடித்துச் சிரித்தது.

"சார், லெப்ட் ரைட்டு மறந்து போச்சுங்களா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் லெப்ட் ரைட் சொல்லிக் கொடுத்த மனிதரைப் பார்த்து இப்படி ஒரு கேள்வி. சென்னியப்பன் கட்டிய கையை அவிழ்த்துத் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். எப்படி ஆடி முடித்தார் என்று அர்த்தநாரிக்கே தெரியாது.

முடிந்ததும் மைதானத்து ஓரமாக உட்கார்ந்து தமயந்தி சலங்கையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அர்த்தநாரி போய் நின்றார்.

"நானு என்ன தப்புங்க பண்ணினேன்?"

"ஒரு தப்பும் பண்ணலீங்கய்யா."

"வலது பக்கம்னு சொல்லிக் குடுத்தது யாருங்க?"

"நானுதானுங்க."

"எடது பக்கம் போனது?"

"அதும் நானுதானுங்க."

"என்னையப் பாத்தீங்களே. எதுக்குங்க பாத்தீங்க?"

"நீங்களும் வந்துருவீங்கன்னு பாத்தனுங்க. வரலீங்க."

"தப்புன்னு தெரிஞ்சே எப்படிங்க வர்றது? பச்சைக் கொழந்தைகிட்டப் பேச்சு வாங்க வெச்சுட்டீங்க. எம்பட பசங்க முன்னால மானம் போச்சுங்க. தப்பு எம்மேல இல்லீன்னு நீங்க சொல்லியாகோணும்."

"சொல்லலாமுங்க" என்றார் தமயந்தி. "மொதல்ல யாருகிட்டச் சொல்லோணும்?"

அப்போது சென்னியப்பன் செங்கமலத்தைக் கூட்டிக்கொண்டு அங்கே வந்தார். வாயெல்லாம் பல்.

"அம்மிணி, எங்கூட்டுக்காரி பரவாயில்லீங்க. ஒரு எடத்துலயும் சறுக்கல. இனி நெதமும் அனுப்பி வெக்கறனுங்க."

செங்கமலம் தலையை நிமிர்த்தவே இல்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தார்.

தமயந்தி அர்த்தநாரியைப் பார்த்தார்.

"நம்மய்யா ஏதோ சொல்லோணும்னாருங்க. நீங்களே சொல்லுங்கய்யா. இவருகிட்டயே சொல்லுங்க."

அர்த்தநாரி திடுக்கிட்டுப் போனார். இந்தப் பெண்ணுக்கு என்ன நெஞ்சழுத்தம்! விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தார். விளையாட்டு இல்லை. தமயந்தி சலங்கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். தடுக்கிற எண்ணமே அவரிடம் தெரியவில்லை.

"என்னங்க வாத்தியாரே?" என்றார் சென்னியப்பன்.

அர்த்தநாரி வாயைத் திறந்தார். உண்மை நாக்கின் நுனியில் இருந்தது. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், போன மானம் அந்த இடத்திலேயே திரும்ப வந்துவிடும். செங்கமலம் அப்போதுதான் நிமிர்ந்தார். அர்த்தநாரி அந்த முகத்தைப் பார்த்தார். கெஞ்சக்கூடத் தெம்பில்லாத முகம்.

"ஒன்னுமில்லீங்க" என்றார் அர்த்தநாரி. "எனக்கு எடது வலது சித்தக் கொழம்பிப் போச்சுங்க. அதத்தான் சொல்ல வந்தேன்."

சென்னியப்பன் அவர் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

"மனச உட்றாதீங்க வாத்தியாரே. வயசாச்சுன்னா அப்படித்தானுங்க. நெதமும் பழகினா வந்துரும்."

"பழகறனுங்க."

"வேணும்னா எங்கூட்டுக்காரியவே சொல்லித் தரச் சொல்றேன்."

அர்த்தநாரி அதற்கும் தலையை ஆட்டினார்.

அவர்கள் இருவரும் போனார்கள். செங்கமலம் வண்டி வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். அர்த்தநாரி நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். என்ன சொல்லிவிட்டேன் என்று அவருக்கே அதிர்ச்சியாக இருந்தது.

"வாத்தியாரம்மா."

"சொல்லுங்கய்யா."

"நானு இப்ப என்னங்க பண்ணினேன்?"

தமயந்தி சலங்கையைப் பையில் போட்டுக் கட்டினார்.

"எடது பக்கம் திரும்பினீங்கய்யா. சித்த லேட்டு, பரவாயில்லீங்க."