நெருப்புக்கு முதுகு கொடுத்த வாம்பட்

மரமும் மிருகமும் பறவையும் ஒரே மொழியில் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஆஸ்திரேலியா என்னும் தென்திசைப் பெருநிலத்தில் ஒரு தைலமரக் காடு இருந்தது. மலைச்சரிவு முழுவதும் தைலமரங்கள்தான். அடிமரம் வெளுத்திருக்கும், பட்டை நீள நீளமாக உரிந்து தொங்கும். மழை விட்ட காலைகளில் மரங்களின் மூச்சு நீல நிறத்தில் மலையைச் சுற்றி நிற்கும்.

அந்தக் காட்டில் ஒரு வாம்பட் வாழ்ந்துவந்தாள். வாம்பட் என்பது கரடிக்குட்டியை மேலிருந்து அழுத்திவிட்டதைப் போன்ற பிராணி. கால் குட்டை, மூக்கு தட்டை, நகம் மண்வெட்டி. மண்ணைக் குடைந்து வளை செய்து அதற்குள் வாழும். கங்காருவைப் போல அதற்கும் வயிற்றில் பை உண்டு. ஆனால் தோண்டும்போது குட்டியின் மேல் மண் விழக்கூடாது என்பதற்காகப் பையின் வாய் பின்பக்கம் பார்த்துத் திறந்திருக்கும்.

இந்த வாம்பட் அதிகம் பேசமாட்டாள். முந்தைய கோடையில் அவளுடைய முதல் குட்டி பையைவிட்டு இறங்கிப் புல் கடிக்கப் பழகிக்கொண்டிருந்தபோது டிங்கோ அதைக் கவ்விக்கொண்டு போய்விட்டாள். டிங்கோ அந்நிலத்தின் காட்டுநாய். மணல் நிறம், நிமிர்ந்த காது, சத்தமில்லாத நடை. அதற்குப் பிறகு வாம்பட் யாருடனும் சேர்ந்து மேயவில்லை. இப்போது பைக்குள் இரண்டாவது குட்டி இருந்தது. உடம்பில் இன்னும் மயிர்கூட முளைக்கவில்லை.

அந்த வருடம் மழை பெய்யவில்லை. அதற்கு முந்தைய வருடமும் பெய்ததென்று சொல்லமுடியாது. வாம்பட்டுக்கு வானத்தைப் பார்க்கும் வழக்கமில்லை. அவளுக்கு எல்லாம் மண்தான் சொல்லும். ஒரு கை ஆழத்தில் கிடைத்துக்கொண்டிருந்த ஈரம் இப்போது உடம்பு நீளம் தோண்டியும் கிடைக்கவில்லை. வேர்கள் கயிறுபோல் காய்ந்திருந்தன. மண் உள்ளிருந்தே சுட்டது.

ஓடையில் மிச்சமிருந்த குட்டைக்குக் காட்டு உயிர்கள் எல்லாம் தண்ணீர் குடிக்க வந்திருந்த ஒரு மாலையில், வாம்பட் வாய் திறந்தாள்.

"மண் சுடுது. நான் பிறந்ததிலிருந்து இப்படிச் சுட்டதில்லை. பெரிய நெருப்பு வரப்போகுது. நாம ஏதாவது செய்யணும்."

பாறையில் படுத்திருந்த உடும்பார் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். அந்தக் காட்டில் வயது அவருக்குத்தான் அதிகம்.

"நெருப்பு வரும், போகும். மழையும் அப்படித்தான். நான் பார்க்காததா? நீ போய்ப் புல்லை மேயும்மா."

குட்டையைச் சுற்றியிருந்தவர்கள் ஆளுக்கு ஒரு மிடறு குடித்துவிட்டுக் கலைந்தார்கள். யாழ்ப்பறவை மட்டும் போகவில்லை. யாழைப்போல் வளைந்த வாலும், எந்த ஓசையைக் கேட்டாலும் அப்படியே திருப்பிச் சொல்லும் தொண்டையும் அவனுக்கு. இலைச்சருகைக் காலால் கிளறிப் புழு தின்று பிழைக்கிறவன்.

"அக்கா, நீங்க சொல்றது நிஜம்தான்," என்றான். "சருகு மக்கவே மாட்டேங்குது. போன வருஷத்து இலைகூட அப்பளம் மாதிரி நொறுங்குது. நான் என்ன செய்யட்டும்?"

"நான் பெரிய வளையா ஒண்ணு தோண்டப்போறேன். ஊரே கொள்ளுற மாதிரி. நீ அதைச் சுத்திச் சருகு இல்லாம கிளறிவிடு. எரியறதுக்கு ஒண்ணும் இல்லைன்னா நெருப்பு அங்க வந்து என்ன பண்ணும்?"

மறுநாள் காலையிலேயே இரண்டு பேரும் வேலையைத் தொடங்கினார்கள். வாம்பட் சரிவின் அடியில், பாறைக்குக் கீழே தோண்டினாள். முதலில் ஒரு வழி, அது கிளை பிரிந்து அறைகள், அறைகளுக்குப் பின்னால் இன்னும் ஆழமான அறைகள். யாழ்ப்பறவை வளையைச் சுற்றிச் சருகைக் கிளறிக் கிளறி மண்ணுக்குள் புதைத்தான். மேலே மரக்கிளையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள். இரண்டு பேரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பிறகு ஒருநாள் கங்காருக்கள் வந்து ஓடை மணலைக் கையால் பறித்து ஊற்றுக்குழி எடுத்தன. குட்டை வற்றிச் சேறும் வெடித்த அன்று உடும்பார் வந்தார். வாம்பட்டுக்குப் பக்கத்தில் போய் நின்று, தன்னுடைய நீண்ட நகத்தால் மண்ணைப் பறிக்க ஆரம்பித்தார். வாம்பட் கொஞ்சம் தள்ளி இடம் கொடுத்தாள். அதற்குப் பிறகு சிரிக்க ஆளில்லை. எல்லோருக்கும் வேலை இருந்தது.

டிங்கோவை மட்டும் யாரும் அழைக்கவில்லை. அவளுக்கு யார் போய்ச் சொல்வது?

நெருப்பு ஒரு நடுப்பகலில் வந்தது.

அன்று காலையிலிருந்தே வடக்கிலிருந்து, பாலைவனத்தின் பக்கமிருந்து, காற்று வீசியது. அடுப்பைத் திறந்துவிட்டது போன்ற காற்று. பறவைகள் அலகைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தன. பிறகு மலைக்கு அப்பால் புகை எழுந்தது. அது எழுந்துகொண்டே இருந்தது. மலையைவிடப் பெரிய இன்னொரு மலையாகி, அதன் உச்சியில் மேகம் கட்டி, அந்த மேகத்துக்குள் மின்னலும் வெட்டியது. நெருப்பு தனக்கென்று ஒரு வானத்தைச் செய்துகொண்டதை அந்தக் காடு அதுவரை பார்த்ததில்லை. சூரியன் செம்புக்காசாகி, பிறகு இல்லாமலே போனது. நடுப்பகல் இருட்டியது.

"எல்லாரையும் கூப்பிடு," என்றாள் வாம்பட் யாழ்ப்பறவையிடம். "எத்தனை குரல் தெரியுமோ அத்தனையிலும் கூப்பிடு. ஒருத்தரையும் விட்டுடாதே."

யாழ்ப்பறவை பாறைமேல் ஏறி நின்று கூப்பிட்டான். அன்று அவன் கூப்பிட்டதைப்போல் எந்தத் தொண்டையும் கூப்பிட்டதில்லை. ஒரே வாயிலிருந்து காடு முழுவதும் பேசியது. புகையில் வழி தெரியாமல் தவித்த கங்காருக் குட்டிக்கு அதன் தாயின் குரல் கேட்டது. மரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த கோலா என்னும் மரவாசிக்கு அதன் துணையின் குரல் கேட்டது. எலிக்கு எலியின் குரல், பல்லிக்குப் பல்லியின் சீறல். ஒவ்வொருவரும் தன்னைத்தான் யாரோ பெயர் சொல்லி அழைக்கிறார்கள் என்று நினைத்து ஓடிவந்தார்கள். வளைக்குள் நுழைந்தார்கள். பாம்புக்குப் பக்கத்தில் எலி படுத்தது. உடும்பாரின் வாலுக்கடியில் குஞ்சுகள் ஒண்டிக்கொண்டன. யாரும் யாரையும் தொடவில்லை. கடைசியில், இறகு நுனி கருகி, குரல் போய், யாழ்ப்பறவையும் உள்ளே விழுந்தான்.

வளை நிறைந்துவிட்டது. வாசலை ஒட்டி ஒரே ஒரு ஆள் படுக்கும் இடம் மிஞ்சியது. அது தோண்டியவளுடைய இடம்.

அப்போது புகைக்குள்ளிருந்து டிங்கோ வந்தாள். வாயில் ஒரு குட்டியைக் கவ்வியிருந்தாள். காலுக்கடியில் மற்ற குட்டிகள் தடுமாறி வந்தன. வாசலில் வாம்பட்டைப் பார்த்ததும் நின்றாள். கவ்வியிருந்ததைத் தரையில் வைத்தாள்.

"என் அம்மாவோட குரல் கேட்டுச்சு," என்றாள். "செத்துப்போனவ. அதான் வந்தேன். நீன்னு தெரியாது."

உள்ளேயிருந்து யாரோ, "விடாதே, வாம்பட்டு. அவளை விட்டால் நாளைக்கு நாங்க யாரும் இருக்கமாட்டோம்," என்றார்கள். வேறு பல குரல்களும் அதையே சொன்னன.

டிங்கோ திரும்பிப் பார்த்தாள். சரிவின் மேல் விளிம்பில் மரங்களின் தலை பற்றிக்கொண்டிருந்தது. கிளையிலிருந்து கிளைக்கு அல்ல, மரம் முழுதாக ஒரே நொடியில் வெடித்தது.

"நான் வெளியிலேயே இருந்துக்கறேன். இதுங்களை மட்டும் எடுத்துக்கோ."

வாம்பட் அந்தக் குட்டிகளைப் பார்த்தாள். புல் கடிக்கப் பழகும் வயதில் தன் குட்டி எவ்வளவு உயரமிருந்ததோ அவ்வளவு உயரம்தான் அவையும் இருந்தன. அவளுக்குள் எழுந்தது கோபம்தான். குரல் கரடுமுரடாக வந்தது.

"அம்மா வெளியில நின்னா இதுங்க உள்ள இருக்குமா? உன்னைத் தேடி வெளியில வந்துடும். நீயும் போ."

"இடம்?"

"என் இடம் இருக்கு."

டிங்கோ குட்டிகளோடு உள்ளே புகுந்து, வாசலைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். இப்போது வளையில் இடமே இல்லை. வாசல் மட்டும் திறந்துகிடந்தது. திறந்த வாசல் வழியாகப் புகையும் அனலும் உள்ளே வந்தால் அத்தனை பேரும் முடிந்தார்கள் என்பது வாம்பட்டுக்குத் தெரியும். வாசலை அடைக்கக் கல் இல்லை, மரமில்லை. அவள் உடம்பு மட்டும் வாசல் அளவுக்குச் சரியாக இருந்தது.

தலையை உள்ளே விட்டுப் பின்புறத்தால் வாசலை அடைத்துக்கொள்ளலாம். ஆனால் பையின் வாய் நெருப்பின் பக்கம் பார்த்திருக்கும்.

அவள் பைக்குள்ளிருந்து குட்டியை எடுத்தாள். அது வெளிச்சத்துக்குக் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. நீட்டுவதற்கு எதிரே ஒரே ஒருத்திதான் இருந்தாள்.

"இதைப் பிடி," என்றாள்.

டிங்கோ அசையவில்லை. "என்கிட்டயா?"

"உன் பக்கத்துலதான் இருக்கு இடம்."

டிங்கோ முன்கால்களை மெல்ல அகற்றினாள். வாம்பட் தன் குட்டியை அந்தக் கால்களுக்கு நடுவில், டிங்கோவின் குட்டிகளோடு வைத்தாள். பிறகு உடலை வாசலுக்குள் இறுக்கி, நான்கு கால்களின் நகங்களையும் மண்ணில் ஊன்றிக்கொண்டாள்.

நெருப்பு வந்தது.

அது வந்த சத்தத்தைப் பின்னாளில் யாழ்ப்பறவைகூடத் திருப்பிச் சொல்ல முயன்றதில்லை. கடல் முழுவதும் எழுந்து மலைமேல் நடந்துவருவதைப் போலிருந்தது என்றார்கள். மண் அதிர்ந்தது. வளையின் கூரையிலிருந்து துகள் கொட்டியது. பாறை எங்கோ இரண்டாகப் பிளந்தது. உள்ளே இருந்த ஒருவருக்கும் மூச்சு வெளியே வரவில்லை.

யாழ்ப்பறவை கிளறி வைத்திருந்த வெற்று மண்ணில் நெருப்புக்குத் தின்ன ஒன்றும் கிடைக்கவில்லை. அது வளையைச் சுற்றிச் சீறியது, தாவியது, ஆனால் நிற்க இடமில்லை. அனலை மட்டும் வாசல்மேல் வீசியது. அந்தக் காலத்து வாம்பட்டின் பின்புறமும் மற்ற உடம்பைப் போலவே மென்மையாக இருந்தது. மயிர் கருகியது. தோல் கருகியது. டிங்கோவின் கண்ணுக்கு மிக அருகில் வாம்பட்டின் முகம் இருந்தது. அந்த முகம் கத்தவில்லை. பற்களைக் கடித்துக்கொண்டு, தன் குட்டி மூச்சுவிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தது.

"வலிக்குதா?" என்று டிங்கோ கேட்டாள்.

"பேசாதே. காத்து தீர்ந்துடும்."

டிங்கோ நாக்கை நீட்டி வாம்பட்டின் நெற்றியை நக்கினாள். நெருப்பு கடந்துபோகும்வரை நக்கிக்கொண்டே இருந்தாள்.

சத்தம் மெல்ல மெல்லத் தெற்கே போய்த் தேய்ந்தது. வெளியே எந்த ஓசையும் இல்லை. வாம்பட் நகங்களைப் பிடுங்கிப் பின்னோக்கி நகர்ந்து வெளியே வந்தாள். பின்னாலேயே ஒவ்வொருவராக வந்தார்கள்.

காடு இல்லை. கறுத்த தூண்கள் நின்றன. தரை முழுக்கச் சாம்பல், பாதம் புதையுமளவுக்கு, மாவுபோல் வெள்ளையாக. ஒரு இலை இல்லை, ஒரு பூச்சி இல்லை. மலைக்குப் பின்னால் மலை தெரிந்தது. இத்தனை பெரிய வெளியை அவர்கள் பார்த்ததேயில்லை. கங்காருவும் பாம்பும் எலியும் கோலாவும் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். உயிரோடிருக்கிறோம் என்பதே அவர்களுக்குப் பயமாகவும் வியப்பாகவும் இருந்தது. அன்று யாரும் யாரையும் துரத்தவில்லை.

கடைசியாக டிங்கோ வந்தாள். வாம்பட்டின் குட்டியைப் பல் படாமல் உதட்டால் கவ்வி எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தாள்.

"போன கோடையில..." என்று தொடங்கினாள்.

"தெரியும்," என்றாள் வாம்பட். "போ. உன் குட்டிங்களுக்குத் தண்ணி காட்டு. ஓடையில குழி இருக்கு."

கங்காருக்கள் எடுத்த குழியில் சாம்பலுக்கடியில் தண்ணீர் இருந்தது. எல்லோரும் குடித்தார்கள். உடும்பார் ஈரமண்ணை வாயில் அள்ளிவந்து வாம்பட்டின் வெந்த பின்புறத்தில் பூசினார். ஆறுவதற்கு வெகுகாலம் ஆனது. ஆறியபோது அது பழைய தோலாக இல்லை. தட்டினால் மரம்போல் ஒலித்தது. அது ஆறுவதற்குள், மழை ஒரு துளிகூட விழாமலே, கறுத்த தூண்களின் உடம்பெல்லாம் பிளந்து சிவப்புத் தளிர்கள் வெடித்து வந்தன. செத்தவை என்று நினைத்த மரங்கள் உச்சியிலிருந்து அடிவரை கம்பளி போர்த்திக்கொண்டதுபோல் தளிர்த்து நின்றன. அதைப் பார்க்கத் தூரத்து மலைகளிலிருந்தெல்லாம் பறவைகள் வந்தன.

வாம்பட்டின் குட்டி வளர்ந்து பையைவிட்டு இறங்கியபோது அதன் பின்புறமும் கெட்டியாகவே இருந்தது. அதற்குப் பிறந்தவற்றுக்கும் அப்படியே.

அந்த நாளிலிருந்துதான் வாம்பட்டின் பின்புறம் பல் இறங்காத பலகையாக இருக்கிறது. அந்த நிலத்தில் பெருநெருப்பு கடந்துபோன பிறகு, வெள்ளைச் சாம்பலில் முதலில் தெரியும் பலவகைக் காலடிகளும் ஒரு வாம்பட் வளையின் வாசலிலிருந்தே புறப்படுகின்றன.