தோலுக்குள் சிக்கிய புழுக்கள்

ஒரு புரதத்தை மூன்று பேர் தொட்டோம். ஒரு ஷெட்டு நிறையப் பட்டுப்புழு செத்துப்போனது. மூவரில் ஒருத்தி நான். நியாயத்தை நீங்களே சொல்லுங்கள்.

பட்டுப்புழுவுக்கு எமன் ஊசி ஈ. வாசம் பிடித்து வந்து புழுவின்மேல் முட்டையிடும். முட்டையிலிருந்து வருவது உள்ளே குடைந்து தின்னும். எங்கள் ஆய்வகத் தலைவி ஞானசௌந்தரி, அந்த ஈயின் உணர்கொம்பில் நீரில் கரையும் சிறு புரதமொன்றைக் கண்டுபிடித்தார். அது வாசத்தைச் சுமந்து நரம்பிடம் சேர்ப்பதை நிரூபித்து, 'மணஞ்சுமப்பான்' என்று பெயர் வைத்தார். கட்டுரையின் கடைசி வரியில், "உணர்கொம்பில் மட்டுமே தேடினேன், மற்ற உறுப்புகளைப் பார்க்கவில்லை" என்றும் எழுதினார்.

அடுத்தவர் இருதயராஜ். அந்தப் புரதத்தை முடக்கும் மருந்து செய்தார். ஈக்கள் வழி தெரியாமல் சுற்றின. அதே புரதம் பட்டுப்புழுவிலும் உண்டென்று அவருக்குத் தெரியும். அதனால் மருந்தடித்த புழு வாசம் பிடித்து மல்பெரி இலையைத் தேடுகிறதா என்று இரண்டு நாள் பார்த்தார். புழு வயிறு முட்டத் தின்றது. ஆபத்தில்லை என்று எழுதிவிட்டார்.

மூன்றாமவள் நான். தோலுரிக்கப்போகும் புழுவை அறுத்துப் பார்ப்பது என் வேலை. தோலுக்கடியில் மணஞ்சுமப்பான் நிறைந்திருந்தது. வாசம் சுமப்பதற்கு அங்கே என்ன வேலை? ஈயின் உணர்கொம்புச் சாறு ஒட்டியிருந்த சோதனைக் குழாயாக இருக்குமென்று கொட்டிவிட்டேன். எல்லாவற்றையும் கழுவி மறுபடி செய்தேன். மறுபடியும் அதுவே வந்தது. மறுபடியும் கொட்டினேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஓசூர்ப் பக்கத்து முனிரத்தினம்மா ஏற்கெனவே இரண்டு முறை வளர்த்த புழுக்களை ஈக்குப் பறிகொடுத்தவர். "இதுவும் போச்சுன்னா செடியப் புடுங்கிட்டு கம்பெனி வேலைக்குப் போயிடுவேன்" என்றவர், எங்களை நம்பி, புழுக்கள் மூன்றாம் தோலுரிப்பு முடித்ததும் ஷெட்டு முழுக்க மருந்தடிக்க விட்டார். ஒரு ஈகூட வரவில்லை. நாலாம் தோலுரிப்புக்கு இலையை நிறுத்தி, சுண்ணாம்புத் தூள் தூவிக் காத்திருந்தார். தோலுரிக்க உறங்கி ஒன்றரை நாளில் விழிக்கவேண்டியவை மூன்றாம் நாளும் அசையவில்லை. பழைய தோல் பிரியாமல், அதற்குள்ளேயே இறுகிக் கிடந்தன. ஒன்றைக் கையில் எடுத்தேன்.

"ஒண்ணுகூட எழுந்திருக்கலியேம்மா" என்றார் முனிரத்தினம்மா.

பெயர் வைத்தவர், பெயரை நம்பி மருந்து செய்தவர், பெயரை நம்பித் தன் கண்ணையே சந்தேகித்தவள். இம்மூவரில் யார் குற்றம் பெரிது?

விடை: ஞானசௌந்தரி தான் தேடாத இடத்தையும் ஒளிக்காமல் சொன்னார். இருதயராஜ் அந்தக் கடைசி வரியை மதிக்காதது தவறுதான். ஓரிடத்தில் வாசம் சுமப்பது இன்னோரிடத்தில் தோல் வளர்க்கலாம் என்று அவர் யோசிக்கவில்லை. ஆனால் அது தோலுக்கடியில் இருப்பதைக் கண்ணால் பார்த்தவரும் அல்ல. பார்த்தவள் நான் ஒருத்திதான். குற்றம் என்னுடையது. இதை முனிரத்தினம்மாவிடம் போய்ச் சொன்னேன். மல்பெரி வேரைத் தோண்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"ரெண்டு தரம் பாத்தியா?"

"ஆமாம்மா."

"ஒரு தரம் சொல்லியிருக்கலாமே, தாயி."