எதிர்த் தரப்பு நாற்காலி

முன்சீப் கோர்ட்டில் அன்றைக்கு ஒரு சுவருக்கு விசாரணை. சங்கரவடிவின் இட்லிக் கடைச் சுவர். அதை இடிக்க ஜேசிபி வந்து தெருவில் நிற்கிறது. சரியாக ரெண்டு மணிக்கு ஆரம்பிப்பேன் என்று பக்கத்து மனைக்காரர் சொல்லியனுப்பிவிட்டார். அதற்குள் தடை உத்தரவு வாங்கியாக வேண்டும்.

சங்கரவடிவுக்கு வக்கீல் பரிமளகாந்தி. முப்பது வருஷமாகக் கறுப்புக் கோட்டு, ரெண்டு முழங்காலிலும் வலி. ஜூனியர் ஆரோக்கியநாதன் கோட்டுப் போட்டு நாலு மாசம்தான் ஆகிறது. இன்றைக்கு நீதான் பேசணும் என்று காலையில்தான் அவனிடம் சொன்னார்.

எதிர்த் தரப்புக்குத் திருவேங்கடம். வராந்தாவில் ஜூனியரை நிறுத்தி, அவன் கழுத்தில் கட்டியிருந்த வெள்ளைப் பட்டையைத் தொட்டுப் பார்த்தார்.

“நல்ல துணி தம்பி. சாயந்தரம் கண்ணைத் துடைக்க ஆகும்.”

சொல்லிவிட்டு வேறொரு வழக்குக்காக மாடிக் கோர்ட்டுக்கு ஏறிப் போனார்.

பன்னிரண்டே முக்காலுக்கு வழக்கைக் கூப்பிட்டார்கள். டவாலி வாசலில் நின்று மூன்று தரம் குரல் கொடுத்தார். எதிர்த் தரப்பு நாற்காலி காலியாகக் கிடந்தது.

“வரலையா?” என்றார் ஜட்ஜ். “அப்போ உங்களை மட்டும் கேட்டு முடிச்சிரலாமா?”

சரி என்று சொல்ல ஜூனியர் வாயைத் திறந்துவிட்டான். பின்னாலிருந்து யாரோ கோட்டைப் பிடித்து இழுத்தார்கள். பரிமளகாந்திதான்.

“அவர் எங்கேன்னு உனக்குத் தெரியுமா?”

“மாடியில, மேடம்.”

“அதைச் சொல்லு. நான் வர்ற வரைக்கும் உட்கார்ந்துராதே.”

பரிமளகாந்தி எழுந்து, ஜட்ஜைப் பார்த்துத் தலைகுனிந்துவிட்டு, வெளியே நடந்தார். ஜூனியர் உள்ளதைச் சொன்னான். உங்கள் சீனியர் எங்கே போகிறார் என்று ஜட்ஜ் கேட்டார்.

“அவரைக் கூட்டிட்டு வர, ஐயா.”

“மாப்பிள்ளை அழைப்பு,” என்றது பின்வரிசையில் ஒரு குரல். கோர்ட்டே சிரித்தது. ஜட்ஜ் சிரிக்கவில்லை. பத்து நிமிஷம் தருவேன், அதற்குள் வராவிட்டால் ஒரு பக்கத்தைக் கேட்டே முடிப்பேன் என்று சொல்லிவிட்டு, அடுத்த வழக்குக் கட்டை எடுத்தார்.

ஜூனியர் சுவரோரமாக ஒதுங்கி நின்றான். சங்கரவடிவு அவன் முதுகுக்குப் பின்னால் வந்து மெதுவாகக் கேட்டாள்.

“என் சுவரை இடிக்கிறவருக்கு நம்ம வக்கீலம்மாவே போயி வழி காட்டுறாகளா, தம்பி?”

அவன் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆறு நிமிஷம். ஏழு. படியில் காலடி கேட்டபோதெல்லாம் திருவேங்கடமாக இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டான். ஒன்பதாவது நிமிஷம் கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்துப் பரிமளகாந்தி இறங்கி வந்தார். பின்னாலேயே வியர்வையைத் துடைத்துக்கொண்டு திருவேங்கடம்.

வந்தவர் கொஞ்சமும் விட்டுக்கொடுக்கவில்லை. சுவரின் அளவு பத்திரத்தில் ஒன்று, மனுவில் ஒன்று என்று பிடித்துக்கொண்டார். ஜூனியர் சீனியரைத் திரும்பிப் பார்த்தான். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் அவனே தட்டுத்தடுமாறிப் பதில் சொன்னான்.

ஜட்ஜ் ரெண்டு பேரையும் கேட்டார். வெள்ளிக்கிழமை கோர்ட் அனுப்பும் கமிஷனர் போய் அளக்கட்டும், அதுவரை சுவரை யாரும் தொடக் கூடாது என்றார். மணி ஒன்று இருபது.

உத்தரவு நகல் சாயந்தரம் அஞ்சு மணிக்குத்தான் கிடைக்கும் என்றார் கிளார்க். அதைக் கேட்டதும் சங்கரவடிவு வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஜேசிபிக்கு ரெண்டு மணி.

ஜன்னலோரம் திருவேங்கடம் தன் கட்சிக்காரரான பக்கத்து மனைக்காரருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார்.

“வண்டியைத் திருப்பி அனுப்பிரும். காகிதம் வரலைன்னா என்ன? என் முகத்தைப் பார்த்துத்தான் ஜட்ஜ் சொன்னார். கை வச்சீர்னா நான் உமக்கு வக்கீல் இல்லை.”

சங்கரவடிவு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஜூனியருக்கு மட்டும் ஆறவில்லை.

“ஜட்ஜ் கேட்டப்பவே நான் சரின்னு சொல்லியிருந்தா அரை நிமிஷத்துல உத்தரவு வந்திருக்கும், மேடம். உங்களுக்கும் படியேறுற வேலை இருந்திருக்காது.”

பரிமளகாந்தி ஜன்னல் பக்கம் பார்த்தார்.

“வந்திருக்கும். வண்டியைத் திருப்புன்னு அவர் வாயிலேருந்து வந்திருக்குமா?”