நிறுத்தக் கற்றுக்கொள்ளாத காவலர்கள்

ஆற்றங்கரை மருதமரத்தின் பொந்தில் தேனீக்களின் கூடு ஒன்று இருந்தது. ஏழு அடைகள், ஓர் அரசி, பல்லாயிரம் மக்கள். அந்தக் கூட்டுக்கு ஒரு நோய் வந்தது.

வேலைக்காரத் தேனீக்களில் சில, பூக்களைத் தேடிப் போவதை நிறுத்தின. அரசி மட்டுமே முட்டையிட வேண்டிய அறைகளில் அவை ஒளிந்து முட்டையிட்டன. அம்முட்டைகளிலிருந்து வந்தவையும் எந்த வேலையும் செய்யவில்லை. தேனைக் குடித்தன, மேலும் முட்டையிட்டன. வயிறு வெளுத்திருந்ததால் அவற்றுக்கு வெளிறிகள் என்று பெயர் வந்தது. நம் இரத்தத்தில் சில வெள்ளணுக்கள் தம் வேலையை மறந்து பெருகிப் புற்றாவதைப் போன்ற நோய் அது. நல்ல முட்டைகளுக்கு அறை கிடைக்கவில்லை. கூடு நாளுக்கு நாள் மெலிந்தது.

வாசலில் காவலர்கள் இல்லாமல் இல்லை. குளவி வந்தால் அவர்கள் பந்துபோல் அதைச் சூழ்ந்துகொள்வார்கள். உடலை அதிரவைத்து, அந்தச் சூட்டிலேயே அதைக் கொன்றுவிடுவார்கள். ஆனால் வெளிறிகளை அவர்கள் தொடவில்லை. அவை இந்தக் கூட்டிலேயே பிறந்தவை. கூட்டின் மணம்தான் அவற்றின் மேலும் இருந்தது.

பழைய வைத்தியம் ஒன்று உண்டு. அடைகளில் கசப்புப் பிசினைப் பூசுவது. அது வெளிறிகளையும் கொன்றது, நல்ல தேனீக்களையும் கொன்றது. இருமுறை பூசினார்கள், இருமுறையும் நோய் திரும்பியது. மூன்றாம் முறையைத் தாங்கும் வலிமை கூட்டுக்கு இல்லை.

நுண்மதி என்ற மருத்துவத் தேனீ வேறு வழி தேடினாள். பல நாட்கள் வெளிறிகளின் அருகிலேயே இருந்து முகர்ந்து பார்த்தாள். கூட்டின் மணத்துக்கு அடியில், அவற்றின் இடுப்பருகே, பச்சை அத்திக்காயின் மணம் மெலிதாக இருப்பதைக் கண்டுபிடித்தாள். நல்ல தேனீக்களிடம் அது இல்லை.

பிறகு, கூட்டின் காவலர்களிலேயே பன்னிரண்டு பேரை அழைத்துக்கொண்டு பக்கத்துப் புதரிலிருந்த ஒரு மூங்கில் துண்டுக்குப் போனாள். வேறு கூட்டின் காவலர்களைக் கொண்டுவந்தால் அவர்கள் இந்தக் கூட்டினரையே பகைவரென்று எண்ணிவிடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அந்த மணத்தை முகர்ந்தவுடன் பந்து கட்ட வேண்டும் என்று பன்னிருவருக்கும் பழக்கினாள். அவர்கள் பிறருக்குப் பழக்கினார்கள். முந்நூறு பேர் கொண்ட படை உருவானது. அதற்கு அரணி என்ற காவல் தேனீ தலைவியானாள்.

மூங்கிலுக்குள் எட்டு முறை சோதனை நடந்தது. ஒவ்வொரு முறையும் ஐந்து வெளிறிகள், இருபது காவலர்கள். காவலர்கள் பந்து கட்டினார்கள், கொன்றார்கள், கலைந்தார்கள். வேலை முடிந்ததும் தாமாகவே நிறுத்திவிடுகிறார்கள் என்று நுண்மதி முடிவு செய்தாள்.

ஒவ்வொரு சோதனைக்குப் பின்னும் மூங்கிலைக் குளிர்விக்க இதழி வருவாள். இறகை வீசிக் கூட்டுக்குக் காற்று கொடுக்கும் விசிறித் தேனீ அவள். அவளும் நுண்மதியும் ஒரே நாளில் அடுத்தடுத்த அறைகளிலிருந்து வெளியே வந்தவர்கள். நுண்மதி சற்று முன்னால் வந்துவிட்டதால் அவள் அக்கா.

எட்டாம் சோதனை முடிந்ததும் இதழி கேட்டாள். "அக்கா, இவர்கள் நிறுத்தினார்களா? இல்லை, வெளிறிகள் தீர்ந்துபோனதால் கலைந்தார்களா?"

நுண்மதி பதில் சொல்வதற்குள் அரணி சிரித்தாள். "வாசலில் நின்று இறகை ஆட்டுகிறவளுக்குச் சண்டையைப் பற்றி என்ன தெரியும்?"

"சண்டை தெரியாது. ஆனால் உங்கள் வீரர்கள் ஒரு பந்து கட்டினால் நான் அரைநாள் விசிற வேண்டியிருக்கிறது. கூட்டுக்குள் ஐந்து வெளிறிகளா இருக்கின்றன? ஆயிரம் இருக்கின்றன, அம்மணி."

இருபது இருபது பேராக உள்ளே அனுப்பலாம் என்றும், இடையிடையே கூட்டை ஆறவிடலாம் என்றும் இதழி யோசனை சொன்னாள். முதலில், நிறுத்தச் சொன்னால் இவர்கள் நிறுத்துவார்களா என்று பார்த்துவிட வேண்டும் என்றாள். அந்தக் கேள்வி சரியானது என்பது நுண்மதிக்கு உடனே புரிந்தது. நிறுத்தப் பழக்குவதற்குப் பத்து நாட்களாவது ஆகும் என்று கணக்கிட்டாள். அரசியிடம் போய் அந்த அவகாசத்தைக் கேட்டாள்.

அரசி இளைத்திருந்தாள். அன்று காலை முட்டையிட அவளுக்கு ஒன்பது அறைகளே கிடைத்திருந்தன.

"பத்து நாள் கழித்து நீ கொண்டுவரும் மருந்தை யாருக்குக் கொடுப்பாய், மகளே?" என்று கேட்டாள்.

நுண்மதியும் களைத்திருந்தாள். எட்டு முறை பெற்ற வெற்றி அவள் மனத்தில் இனித்துக்கொண்டிருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். திரும்பி வந்தவள், "அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், இதழி" என்றாள். தங்கையின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

சிறிது சிறிதாக அனுப்பவும் நாள் இல்லையென்று, மறுநாள் வெயில் ஏறிய வேளையில் முந்நூறு பேரும் ஒரே நேரத்தில் கூட்டுக்குள் நுழைந்தார்கள்.

தொடக்கம் நன்றாக இருந்தது. காவலர்கள் ஒரு வெளிறியையும் தவறவிடவில்லை. ஆனால் பந்து கட்டும் தேனீ, துணைக்கு அழைக்கும் மணம் ஒன்றை வெளியிடும். அறுபது பந்துகளிலிருந்து அந்த மணம் எழுந்தபோது, பழக்கப்படாத மற்றக் காவலர்களும் ஓடி வந்தார்கள். அவர்களுக்கு அத்திக்காய் மணம் தெரியாது. எதிரில் நின்றவர்களை எல்லாம் சூழ்ந்துகொண்டார்கள். கூடு காய்ச்சல் கண்ட உடல்போல் கொதித்தது.

நுண்மதி நிறுத்தச் சொல்லிக் கத்தினாள். யாரும் நிறுத்தவில்லை. அவர்கள் அவளுக்குக் கீழ்ப்படியாதவர்கள் அல்லர். நிறுத்துவது என்றால் என்னவென்று அவள் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கவே இல்லை.

மூன்றாம் அடைக்கும் நான்காம் அடைக்கும் இடையில் மெழுகு இளகத் தொடங்கியது. வாசலிலிருந்து வீசும் காற்று அங்கே எட்டவில்லை. இதழி இன்னும் முப்பத்தொன்பது விசிறிகளுடன் அந்த இடைவெளிக்குள் போனாள். போகும் வழியில் நுண்மதியைக் கண்டு, அரசியை ஏழாம் அடைக்கு மாற்றச் சொன்னாள். வேறொன்றும் சொல்ல நேரம் இல்லை. நுண்மதி அரசியை அழைத்துச் சென்றாள். விசிறிகள் இருபுறமும் வரிசையாக நின்று வீசினார்கள். மூன்றாம் அடை தப்பியது. நான்காம் அடை அறுந்து அவர்கள் மேல் விழுந்தது.

மாலையில், துணைக்கு அழைக்கும் மணம் கலைந்ததும், எல்லாம் அடங்கியது. கூட்டில் ஒரு வெளிறிகூட மிஞ்சவில்லை. பந்துகளில் சிக்கிய நல்ல தேனீக்கள் சிலரும் மாண்டிருந்தார்கள். நாற்பது விசிறிகளில் ஆறு பேர் மெழுகிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தார்கள். நுண்மதி ஒவ்வொருவராகப் பார்த்தாள். இதழி அவர்களில் இல்லை.

சில நாட்களில் கூடு தேறியது. அரசி ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முட்டைகள் இட்டாள். நோய் திரும்பவில்லை. கூட்டில் விழா எடுக்கலாம் என்று பேசினார்கள். அரணி மட்டும் ஒருநாள் நுண்மதியிடம் வந்து, வாசலில் இதழி நின்ற இடத்தில் யாரை நிறுத்துவதென்றே தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அரசி நுண்மதியை அழைத்தாள். "இந்தக் கூட்டைக் காப்பாற்றியவள் நீ. ஏன் ஒதுங்கி நிற்கிறாய்?"

"இறந்தவர்களை நோய் கொல்லவில்லை, அம்மா. என் மருந்து கொன்றது."

"அவசரப்படுத்தியது நான் அல்லவா?"

"நீங்கள் தெரியாமல் அவசரப்படுத்தினீர்கள். எனக்குத் தெரிந்திருந்தது."

விழா நடக்கவில்லை.

அந்த வாரமே புங்கமரத்துக் கூட்டிலிருந்து ஒரு தூதுத் தேனீ வந்தது. அங்கும் வெளிறிகள் பெருகியிருந்தன. மருதமரத்தின் வெற்றியைக் கேள்விப்பட்டு, அதே முறையைக் கற்றுக்கொடுக்கும்படி அவள் கெஞ்சினாள். நுண்மதி முதலில் அவளை அறுந்துகிடந்த நான்காம் அடைக்கு அழைத்துச் சென்றாள். முந்நூறு பேரை அனுப்பியதையும், தான் ஒதுக்கிவைத்த இதழியின் கேள்வியையும், பந்துகளில் மாண்டவர்களையும், இறந்த முப்பத்துநான்கு விசிறிகளையும் பற்றி ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்.

தூதுத் தேனீ அறுந்த அடையை ஒருமுறை சுற்றி வந்தாள். பிறகு, "எங்களுக்கு எப்போது கற்றுக்கொடுப்பீர்கள்?" என்று கேட்டாள்.

"உங்கள் காவலர்களில் பன்னிரண்டு பேரை இன்றே அனுப்புங்கள். தாக்கப் பழக்குவேன். நிறுத்தவும் பழக்குவேன். பிறகுதான் அவர்கள் உங்கள் கூட்டுக்குள் போக வேண்டும். அப்போதும் சிறிது சிறிதாகத்தான்."

"அதற்குள் எங்களில் சிலர் இறந்துவிடுவார்களே."

"இறந்துவிடுவார்கள்," என்றாள் நுண்மதி.

தூதுத் தேனீ தலையசைத்துவிட்டு, காவலர்களை அழைத்துவரப் பறந்தாள். நுண்மதி மூங்கில் துண்டைச் சுத்தம் செய்யத் தொடங்கினாள்.

நோயைக் கொல்லும் ஆற்றலை ஒரு மருந்துக்குக் கொடுப்பவர், அதை நிறுத்தும் வழியையும் கண்டறிந்த பின்னரே அதை நோயாளியிடம் அனுப்ப வேண்டும்.