கைகட்டி விற்ற சேலை

ஜவுளிக்கடை முதலாளி குற்றாலிங்கத்துக்குத் தெரிந்த இங்கிலீஷே திஸ், தட், தீஸ், தோஸ் என்ற நாலு வார்த்தைதான். "கிட்ட இருந்தா திஸ், தூர இருந்தா தட்" என்று மோதிரம் போட்ட விரலை நீட்டி நீட்டி அவர் பண்ணிய அலட்டலுக்குத் தென்காசிக் கடைவீதியே காது கொடுக்க வேண்டியிருந்தது. கடையில் வேலை செய்யும் பெண்களோ அவர் போட்ட சட்டப்படி கைகட்டித்தான் நிற்க வேண்டும்.

ஒருநாள் கூட்டமான நேரத்தில் அவர்களில் ஒருத்தியான இசக்கியம்மாளைக் கூப்பிட்டார். "இந்த நாலு வார்த்தையை வச்சே ஒரு சேலையை வித்துக் காட்டு. இல்லைன்னா நாளையிலேர்ந்து வராத."

"முதல்ல நீங்க வித்துக் காட்டுங்க மொதலாளி, பார்த்துப் படிச்சுக்கிடுதேன்" என்று இசக்கியம்மாள் சேலை எடுக்க வந்தவள் போல நாற்காலியில் உட்கார்ந்தாள். "விக்கிற ஆளு கைகட்டணும்லா?"

எல்லோரும் பார்க்க, முதலாளி கைகட்டினார்.

"தட்!"

"எது?"

"தட்! தட்!" நாடியை நீட்டினார். மூக்கை ஆட்டினார். புருவத்தைத் தூக்கினார். கடையே சிரித்தது.

"ஏட்டி, மூணாவது அடுக்குல, பாக்குக் கலர்ல பச்சை பார்டர் போட்டது!" என்று தமிழில் கத்தினார்.

"இப்பத்தான் மொதலாளி சேலை கண்ணுக்குத் தெரியுது" என்று எழுந்தாள் இசக்கியம்மாள். "நாளைக்கு வழக்கம்போல வந்துருதேன்."